அப்டேட்டுக்குப் பிறகு எழாத லேப்டாப்: ஃபார்மட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். "தம்பி, லேப்டாப் செத்துப்போச்சு. ராத்திரி ஆஃப் பண்ணும்போது என்னமோ அப்டேட்டுன்னு கேட்டுச்சாம், இவளும் சரின்னு அமுக்கிட்டா. காலையிலேருந்து சுத்திக்கிட்டே இருக்கு." மகளுக்குக் கல்லூரியில் கடைசி ஆண்டு. புராஜெக்ட் முழுக்க அந்த லேப்டாப்பில்தான். அக்கா அதற்குள் ஒரு சர்வீஸ் கடைக்கும் போன் போட்டுவிட்டார். கடைக்காரர் லேப்டாப்பைக் கண்ணால் பார்க்காமலே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "ஃபார்மட் பண்ணணும்க்கா, கொண்டு வாங்க." அதாவது டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டுமாம்.

இந்தக் கட்டுரையை அந்தத் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட் பாதியில் கெட்டால் பாழாவது பெரும்பாலும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள்தான். உங்கள் படங்களும் புராஜெக்ட்டும் டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்று சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்தது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் திரும்ப வெளியிட்டது. ஆனால் நான் பார்த்த வரையில் கோப்புகள் போனதெல்லாம் அப்டேட்டால் அல்ல, அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில் பதற்றத்தில் யாரோ எதையோ அமுக்கியதால்.

அது ஏன் புதன்கிழமை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. மைக்ரோசாஃப்ட் இருக்கும் அமெரிக்க மேற்குக் கரையில் அவை வெளிவரும் காலை பத்து மணி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு பத்தரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. நாம் தூங்கும்போது இறங்குகிறது, விடிந்தால் புதன். அந்த இரண்டாவது செவ்வாய்க்கு மறுநாள் காலை முக்கியமான ஆன்லைன் தேர்வோ நேர்காணலோ இருந்தால், முந்தின இரவு 'அப்டேட் அண்டு ஷட்டவுன்' அமுக்காமல் இருப்பது நல்லது.

பட்டனை அமுக்கியதும் என்ன நடக்கிறது

பட்டனை அமுக்கினால் விண்டோஸ் வருகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு பள்ளிக்கூடம் காலையில் திறப்பதைப் போல, ஒருவர் பின் ஒருவராக நடக்கும் வேலை.

முதலில் விழிப்பவர் வாட்ச்மேன். லேப்டாப்பில் அவர் பெயர் யூஇஎஃப்ஐ. பழைய பெயர் பயாஸ், கடைகளில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். இவர் குடியிருப்பது டிஸ்க்கில் அல்ல, மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்பில். அதனால் டிஸ்க்கையே கழற்றிவிட்டாலும் இவர் எழுந்துவிடுவார். ரேம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, தயாரிப்பு நிறுவனத்தின் லோகோவைத் திரையில் காட்டுவார்.

அடுத்து அவர் டிஸ்க்கில் ஒரு சின்ன அறையைத் தேடிப் போவார். சில நூறு எம்பி அளவுள்ள இந்தப் பகுதி ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நம் கண்ணுக்குத் தெரியாது. பள்ளியின் சாவி அலமாரி மாதிரி அது. அங்கே 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற சிறிய நிரல் இருக்கிறது. கூடவே விண்டோஸ் எந்தப் பகுதியில் குடியிருக்கிறது என்று எழுதிவைத்த குறிப்பேடும் இருக்கிறது. குறிப்பேட்டைப் படித்து, பூட் மேனேஜர் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலை எழுப்பும். இவர்தான் தலைமை ஆசிரியர். அவர் வந்ததும் டிரைவர்களை, அதாவது ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சிறு நிரல்களைக் கூப்பிடுவார்: திரைக்கு ஒரு டிரைவர், டிஸ்க்குக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. எல்லோரும் வந்து நின்ற பிறகுதான் மணி அடிக்கும், அதாவது பாஸ்வேர்டு கேட்கும் திரை வரும்.

இத்தனையையும் சேர்த்துத்தான் 'பூட் ஆவது' என்கிறோம். எஸ்எஸ்டி என்ற வேகமான புதுவகை டிஸ்க் உள்ள லேப்டாப்பில் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் இத்தனை பேர் கைமாறுவது நமக்குத் தெரிவதில்லை. ஒருவர் வரவில்லை என்றால் அவருக்குப் பின்னால் வரவேண்டியவர்கள் எல்லோரும் வாசலிலேயே நிற்பார்கள். ஆகவே 'லேப்டாப் ஆன் ஆகவில்லை' என்பது ஒரு நோய் அல்ல. 'காய்ச்சல்' என்று சொல்வது போலத்தான் அது. எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் வைத்தியம் தெரியும்.

அப்டேட் இதில் எங்கே குறுக்கிடுகிறது?

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முக்கியக் கோப்புகள் பயன்பாட்டில் இருக்கும். உட்கார்ந்திருப்பவரை எழுப்பாமல் நாற்காலியை மாற்ற முடியாது அல்லவா. அதனால் அப்டேட் புதிய கோப்புகளை இறக்கி ஓர் ஓரமாக அடுக்கிவைக்கும். அடுத்து எதை எங்கே மாற்ற வேண்டும் என்று ஒரு வேலைப்பட்டியல் போடும். அப்புறம்தான் ரீஸ்டார்ட் கேட்கும். பாதி வேலை அணையும்போது நடக்கிறது, மீதி மறுபடி எழும்போது நடக்கிறது. '30 சதவீதம் முடிந்தது, கணினியை அணைக்காதீர்கள்' என்று திரை கெஞ்சுவது இந்த நேரத்தில்தான்.

நடுவில் ஏதாவது தடுக்கினால் விண்டோஸ் செய்ததையெல்லாம் திருப்பிப் போட முயலும். 'அண்டூயிங் சேஞ்சஸ்' என்று வரும் திரை அதுதான். அதைப் பார்த்துப் பலர் பயந்து பட்டனை அழுத்தி அணைத்துவிடுகிறார்கள். அது தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் நேரம். அப்போது அணைப்பது, தையல் போட்டுக்கொண்டிருக்கும் டாக்டரின் கையைத் தட்டிவிடுவது போல. புதியதும் முழுதாக ஏறாமல், பழையதும் முழுதாகத் திரும்பாமல் நிற்கும் அந்த இடைவெளியில்தான் உண்மையான சிக்கல் பிறக்கிறது.

ஏன் தடுக்குகிறது என்று கேட்டால், மின்சாரம் போனது, பேட்டரி தீர்ந்தது, சி டிரைவில் இடம் இல்லாதது, புதிய அப்டேட்டுக்கும் பழைய டிரைவருக்கும் ஒத்துப்போகாதது, வெளியிலிருந்து போட்ட ஆன்டிவைரஸ் முரண்டு பிடித்தது என்று பட்டியல் நீளும். பலரும் யோசிக்காத காரணம் ஒன்று உண்டு: டிஸ்க்கே சாகக் கிடப்பது. அப்டேட் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கோப்புகளைப் படித்து எழுதும். தள்ளாடிக்கொண்டிருந்த பழைய ஹார்டு டிஸ்க் அந்தச் சுமையில் விழுந்துவிடும். பழி அப்டேட் மேல் போகும். லேப்டாப்பிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தாலோ, சில வாரங்களாகவே எல்லாம் ஆமை வேகத்தில் நடந்திருந்தாலோ இந்தச் சந்தேகத்தை மனதில் வையுங்கள். அப்படியானால் ரிப்பேர் முயற்சிகளை ஒத்திப்போட்டு, கோப்புகளை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. சாகும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது அதன் மிச்ச ஆயுளையும் தின்னும்.

எங்கே நிற்கிறது?

சரி, லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ், பிரிண்டர் கேபிள், மெமரி கார்டு எது செருகியிருந்தாலும் பிடுங்கிவிடுங்கள். சில நேரம் வாட்ச்மேன் பென் டிரைவை டிஸ்க் என்று நினைத்து அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருப்பார்.

விளக்கே எரியவில்லை, ஃபேன் சத்தமும் இல்லை என்றால் பெரும்பாலும் இது விண்டோஸ் அப்டேட்டின் வேலை அல்ல. இரவு முழுக்க அப்டேட் ஓடி பேட்டரி காலியாகியிருக்கலாம். சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி அரை மணி நேரம் கழித்து முயலுங்கள். கேட்டால் சிரிப்பு வரும் வைத்தியம், ஆனால் நிறைய வீடுகளில் இதோடு கதை முடிந்துவிடுகிறது. முடியவில்லை என்றால், அன்று ஏறியது பயாஸ் அப்டேட்டா என்று யோசியுங்கள். இப்போதெல்லாம் விண்டோஸ் அப்டேட் வழியாகவே பயாஸ் அப்டேட்டும் வருகிறது. அது பாதியில் நின்றால் வாட்ச்மேனே மயங்கிவிட்டார் என்று பொருள். பல ஹெச்பி மாடல்களில் விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்தினால் உள்ளே சேமித்துவைத்த பழைய பயாஸ் மீளும். மற்ற நிறுவனங்களுக்கு வேறு வேறு முறைகள். அதுவும் நடக்காவிட்டால் இது வீட்டில் பார்க்கிற வேலை அல்ல, சர்வீஸ் சென்டர்தான்.

விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு. இங்கே விண்டோஸ் உள்ளுக்குள் எழுந்திருக்க வாய்ப்புண்டு, காட்டத்தான் முடியவில்லை. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். திரை டிரைவரைத் தட்டி எழுப்பும் சுருக்கு வழி இது. வேலை செய்தால் ஒரு பீப் சத்தம் கேட்கும், திரை ஒரு கணம் மின்னும். ஹெச்டிஎம்ஐ கேபிள் இருந்தால் டிவியில் மாட்டியும் பார்க்கலாம். டிவியில் படம் வந்தால் கோளாறு திரையில் அல்லது அதன் இணைப்பில்.

லோகோ வருகிறது, அப்புறம் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்கிறது. வாட்ச்மேனுக்குச் சாவி அலமாரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஆன் செய்த உடனே எஃப் 2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் (ஹெச்பி என்றால் எஃப் 10) பயாஸ் திரை வரும். அங்கே உங்கள் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரியவில்லை என்றால் டிஸ்க் கழன்றிருக்கிறது அல்லது போய்விட்டது. தெரிகிறது என்றால் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலிடத்தில் இருக்கிறதா பாருங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நல்ல நல்ல லேப்டாப்புகள் வீணாக ஃபார்மட் ஆகின்றன. பயாஸ் அப்டேட் ஆனதும் சில லேப்டாப்புகளில் அதன் செட்டிங்ஸ் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி திரும்பிவிடும். அதில் 'ஸ்டோரேஜ்' அல்லது 'சாட்டா மோட்' என்று, டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்பதைச் சொல்லும் ஒரு செட்டிங் உண்டு: ஏஹெச்சிஐ, ரெய்டு, விஎம்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். விண்டோஸ் நிறுவியபோது அது ஏஹெச்சிஐ-யில் இருந்து, இப்போது வேறொன்றுக்கு மாறியிருந்தால், டிஸ்க் நன்றாகவே இருந்தும் விண்டோஸுக்கு அது தெரியாது. 'இனாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று சொல்லி விழும். செட்டிங்கைப் பழையபடி மாற்றினால் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்துவிடும். ஆனால் பயாஸில் கண்டதையெல்லாம் மாற்றிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அல்லது சதவீதம் ஒரே எண்ணில் நிற்கிறது. அக்கா வீட்டு லேப்டாப் இந்த ரகம். இங்கே மருந்து, சும்மா இருப்பது. எஸ்எஸ்டி என்றால் ஒரு மணி நேரமாவது, பழைய ஹார்டு டிஸ்க் என்றால் மூன்று மணி நேரமாவது சார்ஜரில் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். இது என் கணக்கு. சிலர் ஓர் இரவு முழுக்க விடச் சொல்வார்கள், அதுவும் தப்பில்லை.

கடைசி வகை, நீலத் திரை வந்து, தானே ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி நீலத் திரை. 2025-லிருந்து விண்டோஸ் 11-இல் இந்தத் திரை கறுப்பாகிவிட்டது, பயம் அதேதான். அதில் ஒரு பிழைப் பெயர் இருக்கும். போனில் படம் எடுத்துவையுங்கள், பிறகு தேடிப் பார்க்க உதவும்.

மீட்பு அறைக்குள் போவது

விண்டோஸ் தன் உடம்புக்குள்ளேயே ஒரு முதலுதவி அறையை வைத்திருக்கிறது. தனிப் பகுதியில் இருப்பதால் பெரிய விண்டோஸ் விழுந்தாலும் இந்தச் சின்ன விண்டோஸ் எழும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து எழ முடியாமல் போனால் அது தானாகவே திறக்கும். திறக்கவில்லை என்றால் நாம் திறக்க வைக்கலாம்: ஆன் செய்து, புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனைப் பத்து விநாடி பிடித்து அணையுங்கள். இதே மாதிரி இன்னொரு முறை. மூன்றாவது முறை 'பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வரும். மேலே அணைக்காதீர்கள் என்றேன், இங்கே அணைக்கச் சொல்கிறேன். வித்தியாசம் இதுதான்: காத்திருந்து, இனி எதுவும் அசையப் போவதில்லை என்று உறுதியான பிறகே இது.

உள்ளே போனதும் 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. ஐந்தாறு பெட்டிகள் தெரியும். எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க ஆசை வரும். கோப்புகளுக்கும் நிறுவிய மென்பொருள்களுக்கும் குறைவாகக் கேடு செய்வது எதுவோ அதில் தொடங்கி மேலே போக வேண்டும்.

முதலில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்'. சாவி அலமாரியையும் குறிப்பேட்டையும் சரிபார்க்கும் வேலை. ஒருமுறை போதும். 'சரிசெய்ய முடியவில்லை' என்று அது சொன்னால் சோர்ந்துபோக வேண்டாம். அது அடிக்கடி சொல்லும் பதில் அதுதான்.

அடுத்ததுதான் நம் சிக்கலுக்கு நேரான மருந்து: 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. உள்ளே இரண்டு வாய்ப்புகள். 'குவாலிட்டி அப்டேட்' என்பது மாதாமாதம் வரும் சின்ன ஒட்டு. 'ஃபீச்சர் அப்டேட்' என்பது விண்டோஸின் பதிப்பையே மாற்றும் பெரிய வேலை. நேற்று வந்தது எது என்று தெரியாவிட்டால் சின்னதில் தொடங்குங்கள். பெரியதைத் திருப்பிப் போட வழக்கமாகப் பத்து நாள் அவகாசம்தான், அதற்குப் பிறகு பழைய பதிப்பின் கோப்புகளை விண்டோஸே அழித்துவிடும். இந்த வேலைக்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் பிடிக்கலாம். நகராமல் காத்திருங்கள்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் 'சிஸ்டம் ரெஸ்டோர்'. விண்டோஸ் முன்பே ஒரு தேதியில் தன் நிலையைக் குறித்துவைத்திருந்தால் அந்தத் தேதிக்குத் திரும்பலாம். உங்கள் சொந்தக் கோப்புகளை அது தொடாது, அந்தத் தேதிக்குப் பின் போட்ட மென்பொருள்கள் மட்டும் போகும். பல லேப்டாப்புகளில் இந்த வசதி அணைந்தே கிடக்கும். பட்டியல் காலியாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' வழியாக ரீஸ்டார்ட் செய்து எண் 4-ஐ அமுக்கினால் சேஃப் மோட். தலைமை ஆசிரியர் மிக அவசியமான ஆசிரியர்களை மட்டும் வைத்துப் பள்ளியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக எழாத லேப்டாப் சேஃப் மோடில் எழுந்தால், குற்றவாளி ஏதோ ஒரு டிரைவர் அல்லது கூடுதல் மென்பொருள். புதிதாக வந்த கிராஃபிக்ஸ் டிரைவரையோ ஆன்டிவைரஸையோ அங்கிருந்தே நீக்கலாம்.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட் கோப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் சுழன்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழ முடியாமல் சுழன்ற கணினிகளுக்கு வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடிலோ மீட்பு அறையிலோ நுழைந்து, அந்த ஒரு கோப்பை நீக்குவது. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஆள் நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது. அப்போது பல அலுவலகங்களில் ஆட்களைத் தடுத்து நிறுத்தியது இன்னொரு திரை, நீங்களும் சந்திக்கப்போகிற திரை.

48 இலக்கங்கள்

மீட்பு அறையில் எதையாவது தொட்டதும் 'பிட்லாக்கர் ரெகவரி கீ' கொடு என்று லேப்டாப் கேட்கலாம். 'நான் எந்தப் பூட்டும் போடவில்லையே' என்பீர்கள். புதிய லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்து அமைத்தவுடனே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. திருடர் கையில் லேப்டாப் போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி செய்யும் நல்ல ஏற்பாடுதான் இது, சாவி எங்கே என்று நமக்குத் தெரிந்திருந்தால். பயாஸ் அப்டேட் ஆனாலும் இதே கேள்வி வரலாம். வாட்ச்மேன் முகம் மாறியிருக்கிறதே என்று பூட்டுக்குச் சந்தேகம்.

அந்தச் சாவி 48 இலக்க எண். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் சாவிகளைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், லேப்டாப் திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுக்கலாம். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த லேப்டாப் என்றால் அவர்களுடைய ஐடி பிரிவிடம் இருக்கும். லேப்டாப் வாங்கிய அன்று கடைப்பையன் தன் ஈமெயிலைப் போட்டு அமைத்துக்கொடுத்திருந்தால், சாவி அவர் கணக்கில் இருக்கக்கூடும். சிரிக்காதீர்கள், நடக்கிற கதைதான். சாவி எங்கும் இல்லை என்றால் அந்தக் கோப்புகளை யாராலும் மீட்க முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலும்கூட.

ஆகவே உங்கள் லேப்டாப் நல்ல நிலையில் இருக்கும்போதே, இன்றைக்கே அந்த எண்ணைத் தேடிப் பார்த்து, காகிதத்தில் எழுதி, லேப்டாப் பையில் அல்லாமல் வேறெங்காவது வையுங்கள்.

எதுவும் பலிக்கவில்லை, இப்போது?

இப்போதும் ஃபார்மட் அல்ல. கோப்புகளை எடுப்பது.

அழகான குறுக்கு வழி ஒன்று உண்டு. மீட்பு அறையில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். நாம் பள்ளியில் பார்த்த அதே நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால், அந்தச் சின்ன ஜன்னலே ஒரு ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆகிவிடும். பென் டிரைவைச் செருகி, 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் வலது க்ளிக்கில் காப்பி செய்து பென் டிரைவில் ஒட்டலாம். காப்பி ஆகும் வேகம் தெரியாது, பெட்டி உறைந்த மாதிரி நிற்கும், பொறுமை வேண்டும். இந்த அறையில் சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். சி காலியாக இருக்கிறதே என்று நெஞ்சு அடைத்துப்போக வேண்டாம், டி அல்லது இ என்று பாருங்கள்.

லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் உபுண்டு பென் டிரைவிலிருந்து லேப்டாப்பை எழுப்பியும் எடுக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டியும் எடுக்கலாம். எப்படி எடுத்தாலும், பூட்டிய டிஸ்க் என்றால் அதே 48 இலக்கம் வேண்டும்.

கோப்புகள் பத்திரமான பிறகு 'ரீசெட் திஸ் பிசி'. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' எடுத்தால் சொந்தக் கோப்புகள் இருக்கும், நிறுவிய மென்பொருள்கள் போகும். என்னென்ன போயின என்ற பட்டியலை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகும், அந்த அளவுக்கு மரியாதை உண்டு. 'கிளவுட் டவுன்லோடா, லோக்கலா' என்று கேட்டால், நல்ல வைஃபை இருக்கும் பட்சத்தில் கிளவுட். லேப்டாப்பில் ஏற்கெனவே உள்ள கோப்புகளே கெட்டிருக்கும்போது அவற்றை வைத்து மறுபடி கட்டுவானேன்? ஆனால் நாலு ஜிபிக்கு மேல் இறங்கும், போன் ஹாட்ஸ்பாட்டில் தொடங்கிவிட்டு டேட்டா தீர்ந்து நடுவில் நிற்காதீர்கள்.

மீட்பு அறையே திறக்கவில்லை என்றால் வேறு கணினியில் குறைந்தது 8 ஜிபி பென் டிரைவைச் செருகி, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு விண்டோஸ் பென் டிரைவ் தயாரிக்கலாம். அதிலிருந்து எழுப்பி, 'இன்ஸ்டால்' என்பதை விட்டுவிட்டு 'ரிப்பேர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இதே பெட்டிகள் வரும். அந்த முதலுதவி அறையும் சில நேரம் அப்டேட்டால் கெடும். 2025 அக்டோபர் 14-இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பின் மீட்பு அறையில் யூஎஸ்பி கீபோர்டும் மவுசும் வேலை செய்யவில்லை. ஆறு நாளில் அவசரத் திருத்தம் வந்தது. தீயணைப்பு வண்டிக்கே தீப்பிடித்த கதை.

இதையெல்லாம் படித்துவிட்டு, இனி அப்டேட்டே வேண்டாம் என்று மொத்தமாக நிறுத்திவைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. 2017 மே மாதம் வானாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் மருத்துவமனைகளின் கணினிகளைக்கூடப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். நான் செய்வது அப்டேட்டை ஒரு வாரம் 'பாஸ்', அதாவது தற்காலிக நிறுத்தம், போட்டுவைப்பது. விண்டோஸ் 11 அமைப்பிலேயே அந்த வசதி இருக்கிறது. அப்டேட்டில் பெரிய ஓட்டை ஏதும் இருந்தால் அந்த வாரத்தில் ஊர் முழுக்கக் கூச்சல் கேட்டுவிடும். பிறகு சார்ஜரைச் செருகி, சி டிரைவில் 20 ஜிபியாவது காலி செய்து, நான் விழித்திருக்கும் நேரத்தில் போடுவேன்.

கீழ்வீட்டு லேப்டாப்புக்கு வருவோம். ஒன்பது மணி வரை காத்திருந்தோம், புள்ளிகள் சுற்றியபடியே இருந்தன. இரண்டு முறை அணைத்து, மூன்றாவது முறை மீட்பு அறைக்குள் போனோம். ஸ்டார்ட்டப் ரிப்பேர் கைவிரித்தது. பிட்லாக்கர் சாவி கேட்டது, அந்தப் பெண்ணின் போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்ததால் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. குவாலிட்டி அப்டேட்டை நீக்கினோம். இருபது நிமிடம் கழித்து பாஸ்வேர்டு திரை வந்தபோது அவள் முதலில் செய்தது புராஜெக்ட்டைப் பென் டிரைவில் போட்டதுதான். அப்புறம் பார்த்தால் சி டிரைவில் மிச்சம் 3 ஜிபி. வாட்ஸ்ஆப் வீடியோக்கள், இரண்டு வருட டவுன்லோடுகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சனிக்கிழமை பகலில் அதே அப்டேட்டைப் போட்டோம். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது.

"அந்த நம்பர் எங்கம்மா எழுதி வெச்சிருக்கே?" என்று போன வாரம் கேட்டேன். அக்காதான் உள்ளே போய் கேஸ் புத்தகத்தை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினார். சிலிண்டர் வந்த தேதிகளுக்குக் கீழே, நீல மையில், ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கூட்டங்கள்.